நெட்டைத்தம்பியின் உயரம்

ஆறடி இரண்டு அங்குலமாம். அளந்தது யார், எந்தச் சுவரில் நிற்க வைத்து அளந்தார்கள் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. டயர் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆகா ஆகா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி என்றால் கோர்ட்டில் உட்காருகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில், பணம் கேட்டு வருகிறவர்களின் ஃபைலில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். ஆனால் எந்த இசைத்தட்டு அசல், எது பின்னால் வந்த நகல், எந்தப் பாடகருக்கு எந்த வருஷம் தொண்டை போனது என்பதற்கெல்லாம் அந்த மாடியில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அதனால் அந்தப் பட்டப்பெயர். அவருக்கும் அதில் ஒரு குளிர்ச்சி.

“‘நெட்டைத்தம்பி ஆறடி இரண்டு அங்குல உயரம் கொண்டவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். காதலி கைவிட்ட துயரமும் நுரையீரல் நோயும் சேர்ந்து அவரை இளம் வயதிலேயே கொண்டுபோயின. அவர் விட்டுச் சென்றது இந்த ஒரே பாடல்.’” காகிதத்தைத் தாழ்த்தி எல்லோரையும் பார்த்தார் நீதிபதி. “மறுபடி அச்சடிக்கிற தட்டோட உறைக்குள்ள வைக்கிற கட்டுரை இப்படித்தான் ஆரம்பிக்குது.”

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் ஊராக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் இன்னொரு உறுப்பினர், “செத்தவரை எழுப்பி உக்கார வெச்சுட்டீங்க” என்றார்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பல்செட்டுக்காரருக்கு மட்டும் காது மடல் வரை சூடேறியது. நெட்டைத்தம்பி செத்திருக்க முடியாது. பிறந்திருந்தால்தானே சாவதற்கு! அப்படி ஒரு ஆளே கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாடியில், எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்து அந்தப் பெயரை உண்டாக்கியவரே அவர்தான்.

பல்செட்டுக்காரருக்கு வேலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளில். டாக்டர் வாயில் எடுத்த அச்சு அங்கே வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, அக்ரிலிக்கில் வார்த்து, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். முப்பது வருஷமாக அடுத்தவர் சிரிப்பைச் செய்துகொடுத்தவர், அவர் சிரித்து நோயாளிகள் பார்த்ததில்லை. முன்பக்கம் போக வேண்டிய அவசியமே வராது.

அவருடைய சிரிப்பெல்லாம் தட்டுகளோடுதான். சோல் பாட்டு. பிரார்த்தனைக் கூடத்தில் பாடி உரமேறிய தொண்டை ஒருநாள் வெளியே வந்து காதலையும் பிரிவையும் அதே உயிரோடு பாட ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு பாட்டு. பின்னால் டிரம்ஸ், டிரம்பெட், ஒரு ஆர்கன். புகழ்பெற்ற பாட்டுகளை இந்த மாடிக்காரர்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். நூறு தட்டு அச்சடித்து, பத்துக்கூட விற்காமல், மிச்சம் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். பல்செட்டுக்காரரின் மனைவி, ஆஸ்பத்திரியில் துணிகள் தைத்து அடுக்கும் பிரிவில் வேலை செய்பவர், இந்த மாடிக்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சட்டை மாட்டினால், “சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?” என்பார்.

அந்த உலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அபூர்வமான தட்டு ஒன்று கையில் மாட்டினால், அதன் லேபிள் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, பாடியவர் பெயரை மறைத்து, தாளில் ஒரு பொய்ப்பெயரை எழுதிக்கொண்டு வந்து போடுவார்கள். மற்றவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு போய் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்துவிடக் கூடாது அல்லவா! ஒரு வருஷம் எல்லோரையும் அலையவிட்டு, பிறகு தாளைக் கிழித்து உண்மையைச் சொல்வது மரியாதை. சண்டை வரும், சிரிப்பு வரும், யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

மூடிவிட்ட ரேடியோ ரிப்பேர் கடையின் பெட்டியில் பல்செட்டுக்காரருக்குக் கிடைத்த தட்டு, அபூர்வத்திலும் அபூர்வம். மற்றதெல்லாம் வேற்று மொழி. இது நம் பாஷையில் பாடிய சோல். இரண்டே முக்கால் நிமிஷம். விட்டுப் போகிறவனிடம் பாடுவது மாதிரி, “சரி, சரி, குடையை எடுத்துட்டுப் போ” என்று ஒரு ஆழமான குரல். போகாதே என்று ஒரு இடத்திலும் கெஞ்சல் இல்லை. குடையை எடுத்துக்கொள், நனைந்துவிடாதே, அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது பல்செட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்ட பொக்கிஷத்துக்கு வெறும் தாள் போதாது என்று அவருக்குப் பட்டது. லிஃப்ட்காரருக்குக் கழுகுக் கண். தாளை விளக்குக்கு நேராகப் பிடித்து அடியில் இருப்பதைப் படித்துவிடுவார். எனவே நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? பல்லுக்கு மெருகேற்றும் மோட்டாரில் நுரைக்கல் பொடியைத் தடவி, இரண்டு பக்க லேபிளையும் எழுத்தே இல்லாமல் வழித்துத் தேய்த்துவிட்டார். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் கம்பெனி கீறியிருந்த எண்ணையும் விடவில்லை, துளையிடும் ஊசியால் சுரண்டி எடுத்தார். அதற்கு மேல் தாளை ஒட்டி, மாடிக்கு வந்ததும் கண்ணில் பட்ட ஏணியைப் பார்த்து ‘நெட்டைத்தம்பி’ என்று எழுதினார். ஒரு பல் மெக்கானிக்குக்குத்தான் இப்படி ஒரு கோணல் புத்தி தோன்றும். அன்று அதை நினைத்து நினைத்துப் பூரித்துப்போனார்.

ஒரு வருஷம் ஆனது. தாளைக் கிழித்தால் கீழே வழுக்கை லேபிள். அதைக் காட்ட வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். கெடு தாண்டியும் அவர் தாளைக் கிழிக்காததால், அதுதான் அசல் பெயர் என்று மற்றவர்கள் முடிவுகட்டினார்கள். அதற்குள் நெட்டைத்தம்பிக்குக் கை கால் முளைத்துவிட்டது. கடைக்காரர் அவரைத் துறைமுகத்துக்கு வேலைக்கு அனுப்பினார். லிஃப்ட்காரர் ஒரு காதலியைக் கொடுத்தார். மூன்றாவது வரியில், ‘குடையை’ என்ற சொல்லுக்கு முன்னால் குரல் ஒரு கணம் தடுக்கி மூச்சு இழுக்கும். அந்த மூச்சைப் பற்றி மட்டும் ஆறு ஞாயிறு விவாதித்தார்கள். துக்கமா, நோயா, ஒலிப்பதிவுக் கோளாறா என்று. ஏழாவது ஞாயிறு நீதிபதி நுரையீரல் நோய் என்று தீர்ப்பளித்தார். பல்செட்டுக்காரர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “‘சரி’ங்கற எடத்துல லேசா ஒரு விசில் கேக்குது. மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கற ஆள்.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்துப் பல் கதைக்கு ஒத்துவராது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார்.

பழைய தட்டுகளைத் தேடி மறுபடி அச்சடிக்கும் கம்பெனி ஒன்று எப்படியோ சேதி கேள்விப்பட்டு நீதிபதிக்குக் கடிதம் போட்டது. நீதிபதி கட்டுரை எழுத உட்கார்ந்தார். பல்செட்டுக்காரரும், ஒரு நாள் சொல்லிவிடலாம், ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினார். அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மெழுகுப் பல்லை வாயில் வைத்துச் சரிபார்த்த நோயாளி ஒருவர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். கூட டாக்டரின் சீட்டு: ‘மேல் முன்பல் நடுவே இடைவெளி வேண்டுமாம். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.’ பல்செட்டுக்காரருக்கு ஆச்சரியம். சந்தை அடைக்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவரை அவர் கண்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

நாற்காலியில் ஒரு குள்ளமான அம்மாள். எழுபதை நெருங்கும் வயது. கால் தரையில் எட்டவில்லை.

“அறுபத்தெட்டு வருஷம் என் வாயில இருந்த சந்துங்க அது. அடைச்சா என் பேச்சு எனக்கே அந்நியமா இருக்கு. சரின்னு சொன்னா சரி மாதிரியே இல்ல” என்றார் அந்த அம்மாள்.

நல்ல கட்டைக் குரல். அடிவயிற்றிலிருந்து வந்தது. பல்செட்டுக்காரர் கையிலிருந்த சீட்டை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். மேலே நோயாளியின் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டாரில் வைத்து அவர் வழித்தெடுத்த அதே பெயர், அதே முதலெழுத்து.

“அம்மா, நீங்க எப்பவாவது... ஒரு குடைப் பாட்டு...”

அந்த அம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. அப்படி ஒரு தட்டு வந்ததே யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பாட்டைப் பதிவு செய்த ஸ்டூடியோக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தனக்குக் கொடுத்த ஒரே தட்டு நான்கு வீடு மாறியதில் எங்கோ தொலைந்துவிட்டது. நாற்பத்துமூன்று வருஷமாகத் தன் பாட்டைத் தானே கேட்டதில்லை. “என் பேரைப் பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க தெரியுமா?” என்று கேட்டபோது சின்னப்பிள்ளை மாதிரி கண் விரிந்தது. பல்செட்டுக்காரர் தட்டு தன்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை மென்று விழுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டார்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, நீதிபதி கட்டுரையை மடித்ததும், பல்செட்டுக்காரர் எழுந்தார்.

“அப்படி ஒரு ஆளே இல்ல. அந்தப் பேரை நான்தான் வெச்சேன். பாடினது ஒரு அம்மா. உயிரோட, நல்லா இருக்காங்க.”

லிஃப்ட்காரர் சிரித்தார்.

“அம்மாவா! ஆம்பளைக் குரல்யா அது. பச்சைக் குழந்தை கேட்டாக்கூடச் சொல்லும்.”

“பல்செட்டு,” என்றார் நீதிபதி மிருதுவாக. “கட்டுரையில உங்க பேரு இல்லன்னு மனத்தாங்கல். புரியுது. ‘தட்டைத் தந்து உதவியவர்’னு ஒரு வரி சேத்துடறேன்.”

“எனக்கு என் பேரு வேண்டாம்! அந்த அம்மா பேரைப் போடுங்க!”

நீதிபதி அலமாரியைத் திறந்து கனமான நோட்டை எடுத்தார். மாடியில் முதல் தடவை ஒலிக்கும் எந்தத் தட்டையும் உரிமையாளரே தன் கையால் அதில் பதிந்து கையெழுத்திட வேண்டும். பதிந்ததை அடிக்கவோ திருத்தவோ கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் நீதிபதி. பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

“இது யார் எழுத்து?”

“என்னுது.”

“கீழ கையெழுத்து?”

“அதுவும் என்னுதுதான். பொய்ய எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.”

“அன்னிக்குப் பொய் சொன்னதா இன்னிக்குச் சொல்றீங்க. இன்னிக்குச் சொல்றது பொய் இல்லன்னு எப்படி நம்பறது? லேபிளைக் காட்டுங்க.”

பல்செட்டுக்காரர் என்னத்தைக் காட்டுவார்? உலகத்தில் இருந்த ஒரே சாட்சியைத் தேய்த்துப் பொடியாக்கி ஊதியவர் அவர். அதுவும் போகட்டும்; வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அவர் வைத்த பொய்ப்பெயரை ஐந்து பேரும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். இன்று உண்மையைச் சொன்னதும் ஐந்து பேருக்கும் ஆதாரம் வேண்டியிருக்கிறது! தலைகீழாக நின்றாலும் இவர்கள் நெட்டைத்தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். செத்துப்போன காதலன் அவர்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தான். கட்டுரையைப் பற்றித் திரும்பி வந்து சண்டை போட மாட்டான்.

வீட்டுக்கு வந்து குதித்தார். “அயோக்கியனுங்க. அத்தனை பேரும் அயோக்கியனுங்க!”

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். சின்ன வீட்டில் சண்டை என்றால் அவருக்கு வழக்கமாகக் கொண்டாட்டம்தான். அன்று சிரிக்கவில்லை.

“அவங்க நம்பலைன்னு உங்களுக்கே இவ்ளோ கோவம் வருதே. அந்த அம்மாவுக்கு எவ்ளோ வரணும்? மோட்டார்ல வெச்சுத் தேச்சது நீதிபதியாங்க?”

பல்செட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

வியாழக்கிழமை பல் தயாரானது. சந்தோடு. பல்செட்டுக்காரரே முன்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த அம்மாள் அதைப் பொருத்திக் கண்ணாடியில் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, தான் செய்ததையும் மாடிக்காரர்கள் கட்டிய கதையையும் ஒன்று விடாமல் சொன்னார். புதுப் பல்லோடு அந்த அம்மாள் செய்த முதல் வேலை அவரைத் திட்டியதுதான். ஒவ்வொரு சகரமும் சுத்தமாக விழுந்தது.

“முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை பாத்தேன். எடுத்தா ‘சார்’. ‘சார், லைன் குடுங்க சார். சார், கட்டாயிடுச்சு சார்.’ ஒரு நாளைக்கு இருநூறு தடவை. பொம்பளைன்னு சொன்னா, ‘சும்மா வெளையாடாதீங்க சார்’ம்பான். சரி, முகம் தெரியாதவன், போறான்னு விட்டேன். நீங்க அப்படியா? என் பேரைப் படிச்சீங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, அப்புறமாத் தேச்சீங்க!”

“தப்புதாம்மா.”

“தப்புன்னா? வாழ்க்கையில ஒரு எடத்துலதான் என் பேரை அச்சடிச்சாங்க. ரேஷன் கார்டுல கூட எழுத்துப் பிழை. அந்த ஒண்ணுதான் சரியா இருந்துச்சு. அதைப் போய்...” மூச்சு வாங்கிக்கொண்டார். “மறுபடி அச்சடிக்கிறாங்களா? எனக்குக் காசு ஒண்ணும் வேண்டாம். என் பேரு வரணும். அவ்ளோதான். எங்க கூடறாங்க உங்க ஆளுங்க?”

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் டயர் கடையின் செங்குத்துப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். கடைக்காரர் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தபோது இங்கேயும் கால் தரையில் எட்டவில்லை. ஆறடி இரண்டு அங்குலம் என்று எழுதியவரின் பார்வை அந்தச் செருப்புகள் மேல் ஒரு நொடி நின்று விலகியது.

பல்செட்டுக்காரர் தட்டைச் சுற்றவிட்டு ஊசியை வைத்தார். முதலில் கரகரப்பு. பிறகு டிரம்பெட். பிறகு அந்தக் குரல்.

அந்த அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். நாற்பத்துமூன்று வருஷம் கழித்து, இருபத்தைந்து வயதுத் தன்னை எதிரே பார்க்கிறார். அழுகைதான் வந்தது; ஐந்து அந்நியர்கள் முன்னால் அதை அடக்க வேண்டியிருந்தது. பல்செட்டுக்காரருக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மூன்றாவது வரி வந்தது. அந்தத் தடுக்கல், அந்த மூச்சு. அந்த அம்மாள் சட்டென்று வயிற்றில் கை வைத்துச் சிரித்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் நீதிபதி தொடங்கினார். என்ன மைக், யார் டிரம்ஸ், எந்த மாதம், எத்தனை டேக். டிரம்ஸ் வாசித்தவரை அந்த அம்மாளுக்கு நினைவிருந்தது, மாதம் நினைவில்லை. மைக்கின் பெயர் எந்தப் பாடகிக்குத் தெரியும்? ஒவ்வொரு ‘தெரியலைங்க’வையும் நீதிபதி குறித்துக்கொண்டார், ஃபைலில் குறிப்பது மாதிரியே.

“ரெண்டு வரி பாடிக் காட்டுங்க.”

பாடினார். குரல் இன்னும் கீழே இறங்கியிருந்தது, ஓரம் உடைந்திருந்தது. ஆனால் ‘சரி, சரி’யில் அந்தச் சின்ன விசில் இருந்தது. கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேட்டுப் பழகினா யாரும் இப்படிப் பாடலாம்,” என்றார் நீதிபதி. “மூணாவது வரி மூச்சு இருக்கே, அது நோயாளியோட மூச்சு. ஆறு ஞாயிறு உக்காந்து முடிவு பண்ணினது.”

“ஏழு மாசங்க. என் பொண்ணு வயித்துல. அந்த எடத்துல உதைச்சா. ஸ்டூடியோக்காரர் திரும்பப் பாடலாம்னாரு. நான்தான், போதும், கால் வலிக்குதுன்னேன். காதலி கைவிடறதாவது! வீட்டுக்காரர் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாரு. தெனம் குடையை மறந்துட்டுப் போற மனுஷன். அவரை நெனச்சுத்தான் பாடினேன்.”

லிஃப்ட்காரர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பேனாவை மூடினார். நம்பிவிட்டார் என்றுதான் பல்செட்டுக்காரர் நினைத்தார். அந்த முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் எட்டுப் பக்கக் கட்டுரை மடியில் இருந்ததே!

“மனசைத் தொடுது. மறுக்கல. ஆனா கம்பெனிக்கு எழுத்துல ஆதாரம் வேணும். கடைசியில ஒரு வரி போடறேன்: ‘இதைப் பாடியது தாமே என்று ஒரு பெண்மணியும் கூறிவருகிறார்.’”

“ஒரு பெண்மணியா?” என்றார் அந்த அம்மாள். “அதுக்கு நெட்டைத்தம்பியே தேவலை.”

பல்செட்டுக்காரருக்குப் பொறுமை அறுந்தது. “தட்டு என்னுது. புதன்கிழமை பாட்டை நகலெடுக்க வரப்போற கம்பெனி ஆள் மெஷினோட வந்தா வெறுங்கையோட போகட்டும். அந்தப் பேரு இல்லாம இந்தப் பாட்டு வெளிய போகாது!”

“போகாதுதான்,” என்றார் நீதிபதி. “இருக்கறது ஒண்ணே ஒண்ணு. நீங்க குடுக்கலன்னா பாட்டே இல்ல. பேரு தப்பா இருந்தாலும் ஆயிரம் வீட்டுல இந்தக் குரல் கேக்கும். அதையும் கெடுக்கப் போறீங்களா? ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்தீங்க.”

அநியாயக்காரர்களின் வாயிலிருந்து நியாயம் வரும்போதுதான் மனிதனுக்கு அதிகமாக ஆத்திரம் வருகிறது. பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்தார். ஆயிரம் வீடு. அது பொய்யில்லை. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு எங்கே இருக்கிறது? ஊசியைத் தூக்கினார். தட்டை உறையில் போட்டார். இருபத்திரண்டு வருஷமாக அதன் விளிம்பை இன்னொரு கை தொட அவர் விட்டதில்லை, மனைவிக்கே அனுமதியில்லை. நேராகப் போய் அந்த அம்மாளின் மடியில் வைத்தார்.

“உங்களோடது. என்ன செய்யறதுன்னு நீங்க சொல்லுங்கம்மா.”

அந்த அம்மாள் தட்டை வெளியே எடுத்து, மஞ்சளேறிய தாளையும் அதில் எழுதியிருந்த பெயரையும் வெகுநேரம் பார்த்தார். ஆயிரம் வீட்டை அவரும் நினைத்துப் பார்த்திருப்பார். நினைக்காமல் இருக்க முடியாது. பிறகு உறைக்குள் போட்டு, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

“ஆயிரம் வீட்டுல போய் ‘சார்’னு பேரு வாங்க எனக்கு இனிமே தெம்பு இல்லைங்க. இந்தப் பாட்டைக் கேக்கணும்னா என் வீட்டுக்கு வாங்க. வாசல்ல பேரு போட்டிருக்கு.”

படியிறங்கிப் போய்விட்டார். கம்பெனி ஆள் புதன்கிழமை வந்து, தட்டு இல்லை என்று கேட்டு, வேறு ஊருக்கு வேறு தட்டைத் தேடிப் போனான். எட்டுப் பக்கக் கட்டுரை பாட்டில்லாமல் நின்றது.

அந்த அம்மாளிடம் பிளேயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பல்செட்டுக்காரர் தன் பிளேயரைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “பாத்து. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் நின்று, தெருவில் நடந்து, மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு கையும் மரத்துப்போய்விட்டன. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். நீதிபதி. அக்குளில் ஒரு ஃபைல்.

“ஆய்வுக்காகத்தான்,” என்றார் நீதிபதி, யாரும் கேட்காமலே. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பாட்டைக் கேட்காத ஞாயிறு அவருக்கு இல்லை.

கதவில் பித்தளைத் தகடு, அதில் பெயர். பல்செட்டுக்காரர் முழங்கையால் மணியை அழுத்தினார்.

“யாரு வேணும்?” உள்ளிருந்து அந்தக் கட்டைக் குரல்.

“நான்தாம்மா. பல்செட்டு.”

“நீங்க யாருன்னு நான் கேக்கல. யாரு வேணும்?”

பிளேயர் கையை இழுத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ‘அந்த அம்மா பேரைப் போடுங்க’ என்று கத்தினார், சண்டை போட்டார், நியாயம் பேசினார். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. முகம் எரிந்தது. அப்பாவின் முதலெழுத்தோடு, மோட்டாரில் வைப்பதற்கு முன் லேபிளில் இருந்தபடியே, முழுதாக, சத்தமாகச் சொன்னார்.

கதவு திறந்தது. அந்த அம்மாள் பிளேயருக்கு ஒரு கை கொடுத்து அவரை உள்ளே விட்டார். வாசலில் நின்ற நீதிபதியை ஏற இறங்கப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

“யாரு வேணும்?”

வெளியே நீதிபதி தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.